பாசிக்கு முளைத்த ரோமம்

2005 ஆகஸ்ட் 9
கல்லில் வழுக்கி விழுந்து முட்டி பேர்ந்துவிட்டது. இருந்தும் சிரிப்புதான். அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கற்களில் சர்காசம் முளைத்திருக்கிறது. இந்தப் பழுப்புப் பாசியில் எத்தனையோ வகை பார்த்தாயிற்று. இலை விளிம்பெல்லாம் ரோமம் உள்ளதை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. புது இனமோ? அடங்கு அம்சவள்ளி, அடங்கு.

ஆகஸ்ட் 12
ரோமம் அடர்ந்த நுனிகளாகத் தேடிக் கிள்ளி, உலர்த்தி, சென்னைக்கு அனுப்பினேன். அங்கே ஆய்வகத்தில் டிஎன்ஏ பார்ப்பவன் சாலமன், என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன். கண்ணால் பார்த்து இனம் பிரிப்பதெல்லாம் கிளி ஜோசியம் என்பான். பார்க்கலாம்டா!

செப்டம்பர் 27
சாலமன் போன் செய்தான். "அம்சா, உக்காந்துக்கோ. உன் பாசி எதோடயும் ஒத்துப்போவல. ரெண்டு தபா பாத்துட்டேன்."
நான் கத்திய கத்தலில் அப்பா உப்பளத்திலிருந்து ஓடிவந்தார். கண்ணும் சொல்கிறது, டிஎன்ஏவும் சொல்கிறது. இனி என் முனைவர் பட்டத்தை யார் தடுப்பது?

செப்டம்பர் 30
அப்பா செய்த காரியத்தைப் பார்! பஸ் ஸ்டாண்டில் பேனர். என் பாஸ்போர்ட் போட்டோ. "புதிய கடற்பாசி கண்ட மரக்காணத்துப் புயலே!" கட்டுரை இன்னும் ஒரு வரி எழுதவில்லையே!
"எழுதிக்கலாம்மா. இன்னிக்கு சந்தை, நாலு பேரு பாப்பாங்கல்ல" என்கிறார்.

நவம்பர் 8
கட்டுரைக்குப் படம் வரைய இலையைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தேன்.
ரோமம் இலையில் முளைக்கவில்லை. இலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அது வேறொரு குட்டிப் பாசி!
அப்போ சாலமன் பார்த்தது? ரோமத்தோட டிஎன்ஏ. நான்தானே அந்த நுனியா பொறுக்கி அனுப்பினேன்? எழவு! மாடு வாங்கப் போய் உண்ணிக்குப் பல்லைப் பிடிச்சுப் பாத்திருக்கோம், ரெண்டு பேரும்.

நவம்பர் 22
சுரண்டிச் சுத்தம் செய்து அனுப்பிய இலைக்கும் முடிவு வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த சாதா சர்காசம்.
அப்பாவிடம் சொல்லி அழுதேன். "வெக்கமா இருக்குதுப்பா. ஊரெல்லாம் சொல்லிட்டியே, இப்போ இன்னான்னு சொல்லுவ?"
"வுடும்மா" என்றார். போய்ப் பேனரை அவிழ்த்துவந்து உப்புக் குவியல்மேல் போர்த்தினார். மழைக்கு நல்லதாம். உப்புமேல் மல்லாந்து கிடந்து நனைகிறேன், போட்டோவில் சிரித்துக்கொண்டே.

நவம்பர் 24
சாலமன் திட்டினான். "லூசு! எதோடயும் ஒத்துப்போவலன்னு சொன்னேனே, அது யாரோட டிஎன்ஏ? ரோமத்தோடதுதானே? அப்ப ரோமத்தப் பாரு!"
அட, ஆமாம்!

2006 ஜனவரி 19
பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வித்துப்பைக்குக் காம்பே இல்லை. இதன் உறவுக்காரப் பாசிகள் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. என்ன அழகுடி நீ! உன்னையா அழுக்கென்று சுரண்டிப் போட்டேன்?

மார்ச் 2
சாப்பிடவில்லை. வரைந்தேன்.

ஆகஸ்ட் 3
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். புது இனம்தான்! சாலமனுக்கு போனிலேயே ஒரு ஆட்டம் போட்டுக் காட்டினேன்.
அப்பா நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து, "இத்துனூண்டா?" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.
சாயங்காலம் உப்பு ஏற்ற லாரியோடு வந்த மாயவன், ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா ராஜாங்கம், பொண்ணு கண்டுபுடிச்ச பாசி புஸ்ஸுன்னு பூட்ச்சாமே?" என்றார்.
நான் குனிந்துகொண்டேன். அப்பா கூடையை இறக்கி வைத்தார்.
"பாசி இல்லபா. பாசி மேல ஒட்டிக்கினு இருந்த அழுக்கு" என்றார். "ஒலகத்துல ஒருத்தனும் திரும்பிப் பாக்காத அழுக்கு. எம் பொண்ணு பாத்துச்சு."