மீன்கடையில் படித்த ஒஸ்மோசிஸ்

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கியபோது நம் நர்சிங் பாடப்புத்தகம் கையில் வந்தது. விரித்தால், சிறுநீரகப் பாடத்தில் காய்ந்த மீன் செதில் ஒன்று ஒட்டிக்கிடக்கிறது. நீ கண்மூடி எட்டு மாதமாகிறது. சுரண்டி எறிய மனம் வரவில்லையடி.

லண்டன் குரோய்டனில் நம் நர்சிங் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். உனக்கு அது முதல் வருடம். எனக்கு இரண்டாவது, ஏற்கெனவே ஒருமுறை பெயில். இன்னொரு முறை பெயிலானால் படிப்பிலிருந்தே நிறுத்திவிடுவார்கள், பிறகு ஆயுளுக்கும் கிளீனிங் ஷிப்ட்தான். ஒரு பக்கத்தில் இருபது சொல் தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தமிழ் எழுதி, பக்கத்தை அப்படியே பாடமாக்குவேன். ஊர் ரியூசன் பழக்கம் விடுமா? பெயிலான அந்தச் சோதனையில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள். நானோ பாடமாக்கிய பந்தியை முற்றுப்புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

என் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தாய். "இதென்னடி, எறும்பு ஊர்ந்த மாதிரி? வா, என்ரை மனுசனிட்டைப் போவம்."

உன் கணவருக்குப் பக்கத்து நோர்பரியில் மீன்கடை. உன் வழக்கம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. படித்ததை ஓர் ஆங்கிலச் சொல்லும் கலக்காமல் அவருக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு விளங்கினால்தான் அந்தப் பக்கம் முடிந்த கணக்கு. அவர் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். நான் ஒஸ்மோசிஸைத் தமிழில் சொல்லித் தடுமாறினேன்.

"விளங்கேல்லைத் தங்கச்சி. திரும்பச் சொல்லுங்கோ."

மூன்றாம் தடவை புத்தகத்தை மூடிவிட்டேன். மெல்லிய தோல், உள்ளே தண்ணீர், வெளியே உப்பு அதிகம், தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் போகும் என்றேன். கத்தி நின்றது.

"கருவாட்டுக்கு உப்புப் போட்டா மீனிலை இருந்து தண்ணி வாறதெல்லோ? அதுதானே?"

ஐயோ! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இரண்டு வருடமாக மாரடித்த பக்கம், சின்ன வயதிலிருந்து நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாம். கிரேடியன்ட், பெர்மியபிள் என்று என்னை வெருட்டிய சொற்களெல்லாம் யாரோ ஒருவர் கண்டதற்கு வைத்த பெயர்கள்தாமே! அந்த வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் அங்கே நின்றோம். இதயம், நுரையீரல், ஈரல் என்று என் முறைதான் நீண்டுகொண்டே போகும். உன் முறை வருவதற்குள் கடை பூட்டும் நேரமாகிவிடும்.

முடிவு வந்தபோது ட்ராமுக்காக நின்றுகொண்டிருந்தோம். என் போனைப் பறித்துப் பார்த்தாய். "எடியே, பாஸ் பண்ணிட்டாய்! பாஸ் பண்ணிட்டாய்!" நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். என் அம்மாவுக்கு நீயே போன் எடுத்துச் சொன்னாய். இரண்டு ட்ராம் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"உனக்கு?"

"எனக்குச் சரிவரேல்லை. அடுத்த முறை எழுதுறன். அதுக்கென்ன இப்ப?"

அடுத்த வருடம் எழுதினாய், பாஸ் பண்ணினாய், வார்டில் எல்லோரும் தேடும் நர்சாக இருந்தாய். எனக்கோ அந்த இரண்டு ட்ராம் நேரம்தான் மனதை விட்டுப் போகவில்லை. என் போனைப் பறிப்பதற்கு முன்பே உன் முடிவை நீ பார்த்துவிட்டிருந்தாய். அப்படியிருந்தும் உன் சந்தோஷத்தில் துளி பொய் இருக்கவில்லை. எப்படியடி உனக்கு ஏலுமாயிருந்தது?