ஊதிவிட்ட விபூதி

இனியனுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாங்கள் நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. நீயாவது சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய், போனில் பேசினால் மீட்டிங் என்பாய், அதனால்தான் காகிதம்.

மாமல்லபுரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து உன் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததும், செங்கல்பட்டில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் உனக்குத் தெரியும். நான்காம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள். அன்றுதான் நீ டப்ளினில் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, அம்மாவை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லையாமே என்று கேட்டிருக்கிறாய். உன்னை யார் கேட்கச் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பதினோரு பேர் ஆரஞ்சும் ஹார்லிக்சுமாக வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். உள்ளே போனவர் திரும்பியதும் அதே பாஸை வாங்கி, மாடிப்படி இறங்கி, அடுத்தவர் கையில் கொடுத்து அனுப்பியது நான்தான். நர்ஸ் லதா, சார், இருமறவங்கள உள்ள வுடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

உன் தனகோடி மாமா சட்டைப்பையில் இருமல் மருந்தோடு வந்திருந்தார். நீங்கள் கீழேயே இருங்கள் என்றேன். இன்னா மச்சான், என் தங்கச்சியப் பாக்க நீ சீட்டு குடுக்கணுமா, ஒம் புள்ள கண்ணாலத்துலயே எனக்கு எல வுடாம நிக்க வெச்சவன் ஆச்சே நீ என்று வாசலில் பத்துப் பேர் நடுவில் கத்தினார். உன் கல்யாணம் முடிந்து ஆறு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஆறு வருடம் கேட்க வேண்டுமே என்று பாஸைக் கொடுத்தேன். மேலே போய் அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து, திருப்போரூர் முருகன் விபூதியை நெற்றியில் இட்டு, கண்ணில் விழாமல் இருக்க ஃபூ என்று முகத்தில் ஊதிவிட்டு, ஊதிய கையோடு இருமவும் இருமினாராம். பக்கத்துக் கட்டில் செங்கம்மாள் தனக்கும் கொஞ்சம் கேட்டாளாம். அவளுக்கும் ஊதினார்.

மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். வைரஸ், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அவருக்கு அது வசதி. இருமுகிற நோயாளியை அதே வார்டில் ஒரு துணித்திரைக்குப் பின்னால் படுக்கவைத்தவர்கள் அவர்கள். அதிகாரிகள் வந்த அன்று மாஸ்க் பெட்டி மேஜையில் இருந்தது, மறுநாள் காணோம். வார்டு பாயே முழங்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பாடு கொடுக்கிறான். கேட்டால் சிரிக்கிறார்கள்.

செங்கம்மாள் வியாழக்கிழமை இறந்துபோய்விட்டாள். மாமல்லபுரத்தில் சங்கும் சோழியும் விற்கிற ஒரே மகளைத் தவிர அவளைப் பார்க்க யாருமே வந்ததில்லை. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அம்மாவுக்கு இன்னும் ஆக்சிஜன் போகிறது. இன்று நேற்றைவிடக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். மாமாவோ நன்றாகத் தேறி, தங்கச்சிக்கு எப்படிக் கீது என்று தினமும் என்னையே கேட்கிறார்.

நீ இனி யாருக்கும் போன் போடாதே. வருவதாக இருந்தால் தடுப்பூசி போட்டுக்கொண்டு வா. வழியில் தொண்டை கரகரத்தால் நாலு நாள் ஓட்டலில் இருந்துவிட்டு வா, அம்மா ஒன்றும் நினைக்க மாட்டாள். எங்கிருந்தாலும் நன்றாக இரு. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் மனதாரச் சொல்கிறேன்.

நம் வீட்டுக் கடிதத்தில் முதலில் அம்மா கையெழுத்துப் போடுவாள், அதன் கீழேதான் நான். நேற்று இதுவரை எழுதிவிட்டுப் பேனாவோடு போனேன். மூக்கில் குழாயோடு, படிச்சிக் காட்டுங்க, அப்பால போடறேன் என்றாள். அவள் அண்ணனைப் பற்றி இதில் எழுதியிருப்பதை எந்த வாயால் படிப்பேன்? மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் பெயர் இல்லாமல் என் பெயரைத் தனியாக எழுதிப் பழக எனக்கு இஷ்டமில்லை. கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.