எதிர்ப்பக்கத்துச் சாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டேன்! இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். "நம்ம ஊர்ல இடது பக்கமே உனக்கு ஒழுங்கா வராது, இங்க ஓட்டிக் கிழிச்சே போ" என்று உன் மாப்பிள்ளை சிரித்தது நினைவிருக்கிறதா?

தேர்வின்போது, இண்டிகேட்டரும் பக்கம் மாறியிருப்பதை மறந்து, கொளுத்தும் வெயிலில் வைப்பரைப் போட்டுவிட்டேன்.

"ஏம்மா, மழை வரப்போகுதா?" என்றார் பக்கத்திலிருந்த அதிகாரி.

"வந்தா பாத்துக்கலாம் சார்" என்று சொல்லி, வலப்பக்கம் பிசகாமல் திரும்பினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கார் ஓட்டத் தெரிந்தால்தான் தருவோம் என்றிருந்த நர்ஸ் வேலை இனி எனக்குத்தான். நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

"மாப்பிள்ளைய அனுசரிச்சுப் போ" என்று இனிமேல் எழுதாதே, அம்மா. நேற்று பாப்பாவையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு புது வீட்டுக்கு வந்துவிட்டேன். வழி நெடுக நானே ஓட்டினேன்.

உன் மகள்