உப்பில்லா விரதமும் நரம்பு மாத்திரையும்

என் ஆசை மச்சான் குணாவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். செத்தவனிடம் நலம் விசாரிக்கிற இந்த முட்டாளோடு என் தங்கச்சி எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ என்பாய். என்ன செய்ய, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்த கடிதம் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

நான் இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சரசு படுத்திருக்கிறாள். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் மிஸ்ஸி என்னை வெளியே அனுப்பிவிட்டாள். உன் தங்கச்சிக்கு என்ன என்று கேட்கிறாயா? உனக்கு வந்ததுதான் மச்சான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறு, முதலில் நல்ல சேதி.

உன் மகள் தேவிகா மனநல டாக்டராகப் படிக்கிறாள். டாக்டரான பிறகும் படிப்பா என்று கேட்டேன். "இனிமேதான் மாமா ஆரம்பமே" என்றாள். மாத்திரை தலைக்குள் போய் என்ன செய்கிறது, மனிதன் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறான், இரண்டும்தான் இப்போது பாடமாம். லீவு கிடைத்தால் கோலாலம்பூரிலிருந்து நம் புக்கிட் பெலிம்பிங்குக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகம். எனக்குத் தட்டு வைக்க இடமில்லை. படித்ததை என்னிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். "ஒங்களுக்கே வெளங்கிடுச்சுன்னா பரீட்சை வைக்கிற டாக்டருக்கும் வெளங்கிடும்" என்பாள். என்னை எவ்வளவு மட்டமாக வைத்திருக்கிறாள் பார். உன் ரத்தம் வேறு எப்படி இருக்கும்?

ஒரு பாடத்தில் ஒரு பறவை வருகிறது. கூண்டுக்குள் இருக்கும் ஒரு பித்தானைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு தடவையும் விழுந்தால் வயிறு நிறைந்ததும் விட்டுவிடுமாம். எப்போதாவது மட்டும் விழுந்தால், அலகு தேய்கிற வரைக்கும் கொத்திக்கொண்டே இருக்குமாம். "ஒங்கப்பன் தூண்டில் போட்ட கதைதான் இது" என்றேன். ஆற்றங்கரையில் முழுப் பகலும் குந்தியிருந்துவிட்டு, கடைசியில் பாசார் மீன்கடையில் கெம்போங் என்கிற கடல் மீனை வாங்கி வந்து, நான் பிடித்தது என்று சரசுவிடம் கொடுப்பாயே. தேவிகா சிரித்துப் புரையேறிவிட்டாள். சரசுவும் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டது அதுதான் கடைசி.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் உன் மாத்திரையின் பாடம் வந்தது.

லித்தியம் என்று பெயர் மச்சான். நாம் ஊருக்கு நரம்பு மாத்திரை என்று சொல்லி வைத்தோமே, அது. நீ தூங்காமல் கொள்ளாமல் லயத்து வரிசை வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்தாய். நம்மை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுக் கதவுக்கு அடிக்கும்போது அவன் உள்ளே இருந்தான், மூன்று நாள் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தான் என்று நான் இன்றைக்கும் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மாத்திரை வந்த பிறகுதான் நீ மறுபடியும் எங்கள் குணாவானாய். நீ போன பிறகு சரசுவுக்கும் அதே கோளாறு வந்தது. ஈஜோக் போகிற பஸ்ஸில் ஏறினவர்களையெல்லாம் கல்யாணத்துக்கு அழைத்தாள். நம் வீட்டில் கல்யாணமே இல்லை. அவளுக்கும் அதே மாத்திரை கொடுத்தார்கள். அவளும் திரும்பி வந்தாள்.

தேவிகா புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இந்த மருந்தும் உப்பும் ஒரே சாதி மாமா. ஒடம்புல உப்பு கொறஞ்சா கிட்னி பயந்துபோயிடும். இருக்கிற உப்ப வெளிய விடாது. அதோட சேர்த்து இந்த மருந்தையும் உப்புன்னு நெனச்சுப் புடிச்சு வச்சுக்கும். வேர்த்துத் தண்ணியும் கொறஞ்சுட்டா இன்னும் மோசம். போட்ட அளவுதான் போடுவோம், ஆனா அது உள்ளயே ஏறிக்கிட்டே போவும்."

"பஞ்சத்துல கண்டதையும் பதுக்குற கடைக்காரன் மாதிரின்னு சொல்லு."

"அதேதான் லா மாமா. ஏறுனா மொதல்ல வாந்தி, வயித்துப்போக்கு. கை பெருசா நடுங்கும். நடை தள்ளாடும். பேச்சு கொழறும். அப்புறம்..."

நிறுத்திவிட்டாள். மேசை மேல் மின்விசிறிக் காற்றில் தாள்கள் தானாகப் புரண்டன. அவள் பிடிக்கவில்லை.

"மாமா, அப்பா செத்த அந்த வருசம் வெரதம் எப்படி இருந்தாரு?"

நான் வாய் திறப்பதற்குள் சரசு கோப்பியோடு வந்தாள். முகத்தில் அவ்வளவு பெருமை. "ஒரு கல்லு உப்பு நாக்குல வைக்கல ஒங்கப்பன். வருசா வருசம் சைவம் மட்டும்தான் இருப்பான். அந்த வருசம் நீ பரீட்ச பாஸாகி டாக்டராவணும்னு உப்பையும் விட்டான்."

கோப்பி பாதி கோப்பையில் இருந்தது, பாதி அடித்தட்டில். தேவிகா அதைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது.

"அத்தை, நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

உனக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரிந்திருக்காது. மாரியம்மன் கோயில் திருவிழா, தலைக்கு மேல் வெயில், தோளில் காவடி. காலையிலேயே வாந்தி எடுத்தாய். வெறும் வயிறு என்றார்கள். கை நடுங்கியது. கால் பின்னியது. ஆத்தா வந்துட்டா என்று உறுமியை வேகமாக அடித்தார்கள். நீ எதையோ குழறினாய். அருள்வாக்கு என்று பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நீ தண்ணீர் கேட்டாயோ என்னவோ. விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வெயிலில் கிட்னி போய்விட்டது என்றார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு, நாங்கள் போய்ச் சேரும் முன் கூடப் போன ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. தெரியாதபடிதானே ஒளித்து வைத்திருந்தாய்?

நம் சனத்தின் பழக்கம் இது மச்சான். டாக்டரிடம் விரதத்தைச் சொல்வதில்லை, திட்டுவார் என்று. பூசாரியிடம் மாத்திரையைச் சொல்வதில்லை, பைத்தியம் என்று பெயராகிவிடும் என்று. இரண்டும் உன் உடம்புக்குள் மட்டும்தான் சந்தித்துக்கொண்டன.

நீ போனதும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? விரதத்தில் ஏதோ குறை, ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்றது. அது சரசுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அண்ணன் பாதியில் விட்டதை நான் முடிக்கிறேன் என்று இந்த வருடம் காப்புக் கட்டிக்கொண்டாள். நீ இருந்த அதே விரதம். உன்னைவிடக் கடுமையாக. எங்களுக்கெல்லாம் உப்புப் போட்டு ஆக்கிவைத்துவிட்டு, தனக்குத் தனிச் சட்டியில் பொங்கிக்கொண்டாள். மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டாள். நல்ல பிள்ளை பார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும் அத்தை. ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"திருவிழா முடியட்டும்மா."

"அத்தை, அப்பா செத்தது வெயில்ல இல்ல."

"வாயக் கழுவு. கொற வச்சுட்டுப் போனவன் அங்க நிம்மதியா இருப்பானா? நானும் கொற வைக்கணுமா? இது ஆத்தா வர்ற அறிகுறி. ஒனக்கு என்ன தெரியும், நீ புஸ்தகத்துல படிச்சவ."

நான் வழக்கம்போலக் கேலி செய்து பார்த்தேன். "ஆத்தா வர்றதுன்னா கோப்பிய ஏன் கொட்டணும், எனக்கு வர வேண்டிய கோப்பி லா அது" என்றேன். எத்தனை வருடக் குடும்பம், எந்தச் சண்டையிலும் என் கேலிக்கு ஒரு மூலையிலாவது அவள் உதடு விரியும். அன்றைக்கு என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா வந்தாள். மகனுக்கு ரவாங் பேக்டரியில் வேலை கிடைக்குமா என்று கேட்க வந்தவள். சரசுவின் நடுங்குகிற கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, ஒரு வார்த்த சொல்லு" என்றாள். சரசு என்னமோ குழறினாள். அக்கா அழுதாள். சரசுவின் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பஸ்ஸில் கூத்தடித்தவள் என்று போன வாரம் வரை ஊர் அவளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்த வாசல் அது.

தேவிகா என்னை வெளியே இழுத்துப் போனாள். "பறவைக் கதை சொன்னேன்ல மாமா? அத்தையோட நடுங்குற கைக்கு ஊரே தானியம் போடுது. நான் சொல்லி அவங்க விடமாட்டாங்க."

"தூக்கிட்டுப் போயிடலாமா?"

"கத்துவாங்க. ஊரு சேர்ந்து நம்மள மறிக்கும். நேரந்தான் போவும்."

பிறகு அவளே கேட்டாள், காப்புக் கட்டியது யார் என்று.

பூசாரி வீரையாவைத் தேடிப் போனோம். செம்பனைக் காட்டில் மருந்தடித்துவிட்டு வந்து, கோயில் பின்புறம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தேவிகா ஒன்றையும் மறைக்கவில்லை. உன் நோய், உன் மாத்திரை, அத்தையின் மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னாள். நாம் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை அவள் சளி காய்ச்சல் போலச் சொல்லி முடித்தாள் மச்சான். வீரையா குழாயை மூட மறந்துபோய் நின்றார். அன்றைக்கு உன் தோளைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான்.

"குணாவுக்கும் இதானா?" என்று மட்டும் கேட்டார்.

தேவிகா தலையாட்டினாள்.

அவர் உள்ளே போனார். அம்மன் காலடியில் சனங்கள் கொட்டுகிற உப்பும் மிளகும் இருக்குமே, நோய் கரைய வேண்டுமென்று, அதில் ஒரு கை உப்பை வாழையிலையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். வழியில் தேவிகா என் காதில், "உப்பு மருந்தில்ல மாமா, அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. இது அத்தைய வண்டியில ஏத்துறதுக்கு மட்டும்தான்" என்றாள்.

சரசு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். வீரையா நின்றபடியே சொன்னார்: "தங்கச்சி, இது ஆத்தா சாப்புட்டு மிச்சம் வச்சது. ஒனக்குக் குடுக்கச் சொல்றா. வெரதம் இன்னியோட முடிஞ்சுது."

"அண்ணனோட கொற..."

"கொற ஒங்கண்ணன் மேல இல்ல தாயி. கேக்காம காப்புக் கட்டுன எம்மேல."

குனிந்து, அவர் கட்டிய காப்பை அவரே அவிழ்த்தார். சரசு இலையை வாங்கினாள். கை ஆடிய ஆட்டத்தில் உப்பு மடியெல்லாம் சிதறியது. தேவிகா ஒரு கல்லை எடுத்து அவள் நாக்கில் வைத்தாள். அஞ்சலையக்காவும் சேர்ந்து தூக்க, நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில்தான் ஏற்றினோம். லோரி இந்த ரோட்டில் அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கே தெரியாது.

இப்போது ரத்தத்தில் ஏறியிருந்த லித்தியம் குறைய ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். ரத்தத்தில் குறைந்தாலும் தலைக்குள் குறைய நாளாகுமாம். குறைந்த பிறகு பழைய சரசு முழுதாக வருவாளா, நடை சரியாகுமா, பேச்சு தெளியுமா என்று கேட்டேன். இங்குள்ள டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்றார். தேவிகா தரையைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதைவிட அது எனக்கு நன்றாக விளங்கியது.

இன்னொன்றும் உன்னிடம்தான் கேட்க முடியும். தேவிகா வீட்டுக்கு வரும் நாட்களில் தூங்குவதேயில்லை. பேச்சு மட்டும் வேகமாகப் போகிறது. பரீட்சை என்கிறாள். நானும் பரீட்சை என்றே நம்புகிறேன். நீ பெயிண்ட் டின் வாங்கப் போவதற்கு முன்னால் எப்படி இருந்தாய் மச்சான்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

இதைக் கோயில் திருவிழா மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உன் நோயை ஊர் அறிய எழுதிவிட்டேன் என்று கோபிக்காதே. இனி காப்புக் கட்டும் முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கப் போவதாக வீரையா சொல்லியிருக்கிறார். மறைக்காமல் பதில் சொல்ல இரண்டு பேருக்காவது துணிச்சல் வரட்டும். மாத்திரையையும் யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம் என்று தேவிகா அழுத்தி எழுதச் சொன்னாள். விரதம் இருக்கிற ஆசை இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

மத்தியானம் உள்ளே போனபோது சரசு கண்ணைத் திறந்தாள். என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் பார்த்து, "அண்ணே, இரு, வர்றேன்" என்றாள். மயக்கத்தில் இப்படிப் பேசுவது சகஜம் என்று மிஸ்ஸி சொல்கிறாள். இருக்கலாம். இருந்தாலும் உன்னிடம் சொல்லிவைக்கிறேன். சின்ன வயதிலிருந்து நீ கூப்பிட்டு அவள் வராமல் இருந்ததில்லை. அடுப்பில் சோறு கொதித்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்தவள். அதனால் கூப்பிடாதே மச்சான். பேச்சுத் துணை வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு. நான் வரமாட்டேன், ஆனால் பதில் கட்டாயம் சொல்வேன்.

உன் விரதம் பாதியிலேயே நிற்கட்டும். அதை முடிக்க உன் வீட்டிலிருந்து ஒருத்தரையும் இனி அனுப்பமாட்டேன், உன் தங்கச்சியையும் சரி, உன் மகளையும் சரி. இது சத்தியம்.

இந்த நிமிடம் வரைக்கும் உன் தங்கச்சி புருஷனாக இருக்கிற,
உன் மச்சான் மணியம்