குளக்கரைத் தாத்தாவுக்குப் போட்ட இரண்டு படங்கள்

அன்பு மகன் விசித்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் தங்கச்சி மாலியும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே சோங்க்லா மீன்பிடித் துறையில் கால் தரையில் பட நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். இதைக் கொண்டுவருகிற பன்யாவை உனக்குத் தெரியும், நம் தெருக்கோடி தையல்காரர் மகன். நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறான், பாங்காக்கில் வண்டி மாறி வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். உங்கள் படகு சனிக்கிழமை விடிகாலை கிளம்புகிறது என்று நீ போனில் சொன்னாய். தபாலில் போட்டால் இது நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேராது. உன்னோடு பேசவேண்டும் என்று துறை ஆபீசுக்கு நேற்று இரண்டு தரம் போன் போட்டேன், எடுத்தவன் "சொல்லிடுறேன் பெரியவரே, சொல்லிடுறேன்" என்று பாதியிலேயே வைத்துவிட்டான், அவன் சொல்லியிருப்பான் என்று நான் நம்பவில்லை. அதனால் இதைக் கடைசி வரி வரைக்கும் படி, படித்து முடிக்காமல் படகில் ஏறாதே.

போன மாதம் உங்கள் படகு புயலில் மாட்டி ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லாமல் போனதே, அந்த ஒன்பது நாளும் இங்கே அடுப்பு எரிந்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. ஐந்தாவது நாள் உன் அம்மா தனியாக நம் ஊரைக் காக்கிற குளக்கரைத் தாத்தா கோயிலுக்குப் போய் முட்டி போட்டு வேண்டிக்கொண்டுவிட்டு வந்தாள். என்ன வேண்டினாய் என்று கேட்டதற்கு, "அவன் குரலைக் காதால கேட்டுட்டா தாத்தாவுக்கு முழுசா ஒரு சினிமாப் படம் போடுறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். நம் ஊரில் எவன்தான் தாத்தாவுக்குப் படம் போடவில்லை, பரீட்சையில் தேறினவன், லாட்டரி விழுந்தவன், பிள்ளை பெற்றவள் எல்லாரும் போட்டதுதானே. வேண்டிக்கொண்ட நான்காவது நாள் உன் குரல் வந்தது. நீ "இருட்டா இருந்துச்சுப்பா" என்று அதை மட்டும் சொன்னாய், நானும் மேலே கேட்கவில்லை. போனை வைக்கிறதுக்கு முன்னால், படகைச் சரிபண்ணுகிறார்கள், முடிந்ததும் திரும்பவும் போகிறோம் என்று ஏதோ பக்கத்துச் சந்தைக்குப் போகிறவன் மாதிரி சொன்னாய். உன் அம்மா அப்போதே ஆரம்பித்துவிட்டாள், அவன் தண்ணீரில் இறங்குவதற்குள் வேண்டுதலை முடித்தாக வேண்டும், தாத்தாவுக்குச் சொன்ன வார்த்தையைப் பாக்கி வைத்துக்கொண்டு பிள்ளையைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று.

படம் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது. டவுன் கொட்டகையில் பதினோரு வருடம் டிக்கெட் கிழித்தவன் நான், போஸ்டரைப் பார்த்தாலே படம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன் என்று உனக்கும் தங்கச்சிக்கும் எத்தனை தரம் பீற்றியிருப்பேன். உன் அம்மா மட்டும், "உங்கப்பா நல்லா இருக்குன்னு சொன்ன படம் எது மூணு நாளைக்கு மேல ஓடியிருக்கு" என்பாள். படம் ஓட்டுகிற பிரயூன் வேனோடு வந்து நின்று எந்தப் படம் வேண்டும் அண்ணே என்று கேட்டதும் புதுப் படம்தான் வேண்டும் என்று நின்றேன். போஸ்டரில் ஹெலிகாப்டர், தீ, இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்த கதாநாயகன். தாத்தாவுக்கு இதுவரை எவனும் இப்படி ஒரு படம் காட்டியிருக்கமாட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது இறங்கியதும் குளக்கரையில் திரை கட்டினோம். திரைக்கு எதிரே தாத்தாவுக்கு இரண்டு சிவப்பு நாற்காலி, அதன்மேல் ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா, மாலை எல்லாம் உன் அம்மாவே வைத்தாள். பார்க்கிறவர் தாத்தா, நாம் ஓரத்தில் பாய் விரித்து ஒட்டிக்கொள்கிறவர்கள்தான். ஆனாலும் என் பேச்சைக் கேட்டு எண்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், ஊர்த்தலைவர் வீட்டம்மா கூடச் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

படம் என்றால் அப்படி ஒரு படம். ஹெலிகாப்டர் ஒரே ஒரு தரம் வந்தது, அதுவும் பொம்மை, தொங்கவிட்ட கயிறு நிலா வெளிச்சத்தில் பளபள என்று தெரிந்தது. கதாநாயகன் குண்டு பட்டு விழுந்தவன் சாகாமல் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து ஒருத்தன், "அண்ணே, யாராச்சும் இன்னொரு குண்டு குடுங்கண்ணே" என்றான், அவ்வளவுதான், குளக்கரையே சிரித்துப் புரண்டது. தலைவர் வீட்டம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "கம்தான், தாத்தா பொறுமைசாலிதான், அதுக்காக இப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பிரயூனிடம் நடுவில் இரண்டு ரீலைத் தள்ளிக் கடைசி ரீலைப் போடச் சொன்னேன். அவன், "அண்ணே, இது வேண்டுதல் படம். நடுவுல வெட்டக்கூடாது. ஒரு ஈ காக்கா இல்லேன்னாலும் முழுசா ஓட்டணும்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, தாத்தாவுக்கும் கண் இருக்குதுடா, பாவம், போடுடா என்றேன். போட்டான். செத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்றான், படம் முடிந்தது.

பிறகு கோயிலைப் பார்த்துக்கொள்கிற கிம் பெரியம்மா தாத்தாவுக்குத் திருப்தியா என்று கேட்டு இரண்டு குறிக்கட்டையைத் தரையில் போட்டாள். உனக்குத் தெரியும், ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சரி, இரண்டும் மல்லாந்தால் தாத்தா சிரிக்கிறார், இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன் என்கிறார். மூன்று தரமும் சரியென்று விழவேண்டும். முதல் தரம் சிரித்தார். இரண்டாம் தரமும் சிரித்தார், கூட்டத்தில் மிச்சம் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் இரண்டு கட்டையும் பட்டென்று கவிழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மா எழுந்து நின்றாள். பிரயூன் பக்கம் திரும்பி, "முழுசா ஓட்டினியா" என்று கேட்டாள், அவன் என்னைப் பார்த்தான். எனக்கு முன்னால் விறுவிறு என்று வீட்டுக்கு நடந்தாள். வந்ததும், "படம் உங்களுக்கா, அவருக்கா? உங்க மானம் போச்சுன்னு ரெண்டு ரீலை வெட்டினீங்களே, அந்த ரெண்டு ரீல்ல என் பிள்ளை உசிரு இருந்திருந்தா?" என்று கேட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. நீ சனிக்கிழமை கிளம்புகிறாய் என்பதை அவள் சொல்லவே இல்லை, ஆனால் காலண்டரில் அந்தத் தேதியை விரலால் தொட்டுத் தொட்டு அந்த இடமே அழுக்காகிவிட்டது.

திரும்பப் படம் போடப் பிரயூனைத் தேடிப் போனால் அறுப்பு முடிந்த சமயம், எல்லாப் படத்தையும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேனில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. போஸ்டரைக் காட்டினான், ஒரு குண்டு ஆள் கோழியை அணைத்துக்கொண்டு இளித்தபடி நிற்கிறான், கலர் எல்லாம் வெளிறிப் போயிருக்கிறது. இதைத் தாத்தாவுக்குக் காட்டினால் கட்டையை எடுத்து என் தலையிலேயே போடுவார் என்றேன். வேறு வழி இல்லை, சனிக்கிழமைக்கு முன்னால் வேறு நாளும் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம்தான் போட்டோம், இப்போதுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வந்தவர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். இந்தத் தரம் நான் மிஷின் பக்கமே போகக்கூடாது என்று உன் அம்மா என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

மகனே, அந்தப் படம் நன்றாக இருந்தது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, கதையைச் சொல்கிறேன். அந்தக் குண்டனுக்கு ஒரே மகன், பட்டாளத்துக்குப் போனவன். மகன் போகும்போது இவன் ஏதோ கோபத்தில் வழியனுப்பக்கூட வரவில்லை. இப்போது வீட்டில் வளர்த்த கோழியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி முகாம் வாசலுக்கு வருகிறான், உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். மூன்று நாள் வாசலிலேயே கிடக்கிறான், மகன் வந்தால் இதைச் சொல்லவேண்டும் அதைச் சொல்லவேண்டும் என்று கோழியிடம் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான், காவல்காரன் சிரிக்கிறான், நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் மகன் வந்து எதிரில் நிற்கிறான். இவன் வாயைத் திறந்து, என்னடா முடி வெட்டியிருக்கிறார்கள், எலி கடித்த மாதிரி என்று திட்டுகிறான். அவ்வளவுதான் பேசினான். கோழியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள், மகனும் போய்விடுகிறான். திரும்பிப் போகிற பஸ்ஸில் குண்டன் மடியில் கோழியை வைத்துக்கொண்டு, மகனிடம் சொல்ல வந்ததை எல்லாம் ஒன்று விடாமல் அந்தக் கோழியிடம் சொல்கிறான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, துண்டை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை, மாலி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

படம் கடைசி வரைக்கும், வெள்ளைத் திரை வருகிற வரைக்கும் ஓடியது. கிம் பெரியம்மா கட்டை போட்டாள். முதல் தரம் சரி. இரண்டாம் தரம் சரி. மூன்றாம் தரம் இரண்டும் மல்லாந்தது, தாத்தா சிரித்தார். கிம் பெரியம்மா கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "படத்துல குறை இல்ல புவாலை. வேண்டிக்கிட்டதுல இன்னும் ஏதாச்சும் மிச்சம் வெச்சிருக்கியா, யோசிச்சுச் சொல்லு" என்று உன் அம்மாவைக் கேட்டாள். உன் அம்மா என்னைப் பார்க்காமல் பெரியம்மாவிடம் சொன்னாள், "இருக்கு. படம் பாதிதான். அவனை அனுப்பினது இவரு. இவரு வாயாலயே அவனைத் திரும்பி வான்னு சொல்லவைக்கிறேன்னு தாத்தாகிட்ட சொல்லிட்டேன். இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாளா முழுங்கிட்டு இருக்கேன்." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேண்டுதல்னு சொன்னா வேண்டுதலுக்காகச் சொல்லுவீங்க. எனக்கு அது வேண்டாம்" என்றாள்.

அதனால் விசித், இது வேண்டுதலுக்காக எழுதுகிற கடிதம் இல்லை. கட்டையை நாளைக்குத் திரும்பப் போடுவார்கள், தாத்தா சிரிக்கட்டும், கோபிக்கட்டும், அது அவர் இஷ்டம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ இங்கேயே மோட்டார்சைக்கிள் ரிப்பேர்க் கடை வைக்கிறேன் என்றாய். அடுத்தவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடக்கவா பெற்றேன் என்று கேட்டேன். கடலுக்குப் போனவன் எல்லாம் மாடி வீடு கட்டுகிறான் என்று கை காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர்மேல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராதுப்பா என்று மெதுவாகச் சொன்னாய். நான்தான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, தண்ணீருக்குப் பயப்படுகிறவன் என் பிள்ளையே இல்லை என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாய். அந்த ஒன்பது நாளும் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை, நான் சொன்ன அந்த வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, ஆனால் அவள் அன்றைக்குப் பக்கத்தில்தானே நின்றிருந்தாள்.

மேஸ்திரி கோபித்துக்கொள்வார், கூட இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள், கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், பொய் இல்லை, மனசு சரியில்லாததும் உடம்பு சரியில்லாததுதான். உன் அடையாள அட்டை படகுக்காரரிடம் இருந்தால் வெள்ளிக்கிழமையே மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள், அது இல்லாமல் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். திரும்பி வருகிற வண்டியில் பன்யாவே உனக்கு இடம் பிடித்துத் தருவான். வழியில் கண்டதைத் தின்னாதே, அம்மா காயவைத்த மாட்டிறைச்சி கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். குளக்கரைத் தாத்தாவும் ஊரில் உள்ள எல்லாத் தெய்வமும் உன் தலைக்கு மேல் கை வைத்துக்கொண்டே உன்னைக் கூட்டிவரட்டும், நீ நூறு வயது இருக்கவேண்டும். உனக்குத் தண்ணீர் பயம் என்றால் பயமாகவே இருந்துவிட்டுப் போ, நீ என் பிள்ளைதான். படகில் ஏறாதே. வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன்னை அனுப்பியவனும் இப்போது கூப்பிடுகிறவனுமான
அப்பா கம்தான்