முன்ரூமுக்கு ஒரு ரசீது

ஜூலை 5, 2004. திங்கள்

வெயில். பதினொரு மணி ஆகியும் கடல்காற்று வரவில்லை. மாடியில் காயப்போட்ட வெள்ளைப் புடவை முழுக்க ஹார்பர் நிலக்கரித் தூள். மறுபடி அலச வேண்டும்.

இன்று:
ஷிப்பிங் பில் 2, பேக்கிங் லிஸ்ட் 1
பிரிண்டர் ரிப்பன்
நைனாவுக்கு பிரஷர் மாத்திரை
ஆடிட்டர் ஆபீஸ்

ரிப்பன் கிடைக்கவில்லை. மற்றது எல்லாம் ஆயிற்று.

ஆடிட்டர் ஆபீஸில் ஆடிட்டரைப் பார்க்க முடியாது, எப்போதும் குமாஸ்தாதான். நான் இருந்த ஷிப்பிங் ஏஜென்சி கிண்டிக்கு மாறியதும் வேலையை விட்டு, வீட்டிலேயே கம்ப்யூட்டர் போட்டு ஏற்றுமதிப் பேப்பர் அடிக்க ஆரம்பித்து இது இரண்டாவது வருஷம். மூன்று கிளியரிங் ஏஜென்டுகளும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் காசு தருகிறார்கள். அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும். இந்த மாதம் கடைசி.

குமாஸ்தா: "வீட்ல எந்த இடத்துல வேலை பார்க்கறீங்க மேடம்?"

முன்ரூமில் என்றேன்.

"அப்ப அது ஆபீஸ்தானே? வாடகையில ஒரு பங்கு, கரண்ட்ல ஒரு பங்கு, போன் பில், எல்லாத்தையும் செலவுல காட்டலாமே. போன வருஷம் ஏன் விட்டீங்க?"

ஏன் விட்டேன்? யாரும் சொல்லவில்லை, விட்டேன். வயிற்றெரிச்சல்.

சிக்கல் ஒன்று. வாடகை வீடு, நைனா பேரில். வாடகை ரசீதும் அவர் பேரில். குமாஸ்தா யோசிக்கக்கூட இல்லை. "அப்பா உங்களுக்கு ஒரு ரசீது எழுதிக் கொடுக்கட்டும். முன்ரூமுக்கு வாடகை மகள்கிட்ட வாங்கிக்கிட்டேன்னு. நிறைய பேர் பண்றதுதான்."

வீட்டுக்கு வந்தால் முன்ரூமில் நைனா, மைக்கேல் மாமா, ரேடியோ. இருவரும் ஹார்பரில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மாமா தினமும் பத்து மணிக்கு வருவார், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் நான் உட்கார்ந்து எண் அடிக்க வேண்டும். போன மாதம் 480 பெட்டியை 840 என்று அடித்து, ஏஜென்ட் போனில் கிழித்தார். அன்றைக்கு மாமா பென்ஷன் அரியர்ஸ் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 7, புதன்

ரசீதை நானே அடித்தேன். 'முன்ரூமை அலுவலகமாக உபயோகித்துக்கொள்ள என் மகள் ஜெசிந்தாவுக்கு வாடகைக்கு விட்டு, ஒரு வருட வாடகையைப் பெற்றுக்கொண்டேன்.' கீழே ரெவின்யூ ஸ்டாம்ப். எழுத்துப் பிழை இல்லை.

நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இன்னா ஜெசி இது? எம் பொண்ணு கைல நா வாடகை வாங்கறேனா?"

"பேப்பருக்குத்தான் நைனா. வரி ஆபீஸுக்கு."

"பேப்பருக்குன்னா? துட்டு வாங்காமலே வாங்கனேன்னு எய்தறதா?"

ஓவர்டைம் ஷீட்டில் எல்லாரும் செய்யாத வேலைக்கும் கையெழுத்துப் போட்ட காலத்தில் போடாதவர் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஹார்பரில் அதற்காக அடி வாங்கிய கதையும் உண்டு. நான் விடவில்லை. அரை மணி நேரம். கடைசியில் அவரே வழி சொன்னார்.

"சரி, துட்ட எடுத்தா. கைல வாங்கிகினு போடறேன்."

ஏஜென்ட் கொடுத்த கவரில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணவில்லை. துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து, ஸ்டாம்ப் மேல் மெதுவாக 'சவரிமுத்து' என்று எழுதினார். முத்துவின் வால் ஸ்டாம்புக்கு வெளியே போய்விட்டது.

"ரூமு இனிமே உன்து" என்றார். சிரித்தேன்.

ஜூலை 8, வியாழன்

எழுந்து பார்த்தால் முன்ரூமில் அவர் நாற்காலி இல்லை. ரேடியோ இல்லை. ஷேவிங் கண்ணாடி மாட்டிய ஆணி மட்டும். எல்லாம் பின்பக்கம், குழாயடிப் படிக்கட்டுக்குப் போயிருந்தது.

"இன்னா நைனா இது?"

"வாடகைக்கு உட்ட ரூம்ல நா இன்னாத்துக்கு குந்திகினு கீறது?"

"சும்மா இரு நைனா, எடுத்துட்டு வா" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். அதுவும் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டே.

மைக்கேல் மாமா வந்ததும் அவரையும் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்குக் கதவில் தட்டல். நைனாவுக்குத் தினத்தாள் வேண்டுமாம். "உள்ள வர்லாமா?" திறந்திருக்கும் கதவைத் தட்டுகிறார்.

மதியத்துக்குள் நான்கு டாக்குமென்ட். ஒரு தப்பு இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. நானே டீ போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தேன்.

ஜூலை 12, திங்கள்

வீட்டுக்காரரின் ரசீதில் மூன்று மாதம் காணவில்லை. பழைய வீட்டுக்காரர் போன வருஷம் இறந்துவிட்டார், இப்போது மண்ணடி இரும்புக்கடையில் மகன் உட்கார்கிறார். வருஷ வாடகை முழுவதும் பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் கேட்டு அடித்துக்கொண்டு போனேன். கூடவே நைனா எனக்குக் கொடுத்த ரசீதின் ஜெராக்ஸ். கீழே 'இணைப்பு: 1'.

ஏஜென்சியில் இருபது வருஷத்துப் பழக்கம். பேப்பரோடு பேப்பர் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் சரக்கு யார்டிலேயே கிடக்கும்.

மகன் கடிதத்தை ஒரு முறை படித்தார். ஜெராக்ஸை இரண்டு முறை. கூல்டிரிங்க் வரவழைத்தார்.

"முன்ரூம் ஆபீஸா அக்கா? நல்லாப் போகுதா? லெட்டர் போட்டு அனுப்பறேன். இந்தக் காப்பி என்கிட்டயே இருக்கட்டும்."

தங்கமான மனுஷன். அப்பா மாதிரி முசுடு இல்லை.

பஸ்ஸில் பின்சீட்டில் ஒருத்தி: "அவ்ளோ சொல்லியும் கேக்கலியே, இப்ப வந்து அய்துகினு கீறா." யாரைப் பற்றியோ.

ஜூலை 20, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. ரிட்டர்ன் கொடுத்தாயிற்று. குமாஸ்தா ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க மாதிரி யாரும் பேப்பர் கொண்டு வர்றதில்ல மேடம்" என்றார். நாள் முழுக்க அதே நினைப்பு.

காசிமேட்டில் வஞ்சிரம் அரைக் கிலோ. நைனா சமையற்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். முன்பெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் வந்துவிடுவார். டி.வி. முன்ரூமில்தான் இருக்கிறது. அவர் பார்த்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நாளை முன்ரூமுக்கு வந்து உட்காரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 22, வியாழன்

சொல்லவில்லை. வேலை அதிகம். கன்டெய்னர் லாரி வரிசை தெரு முனை வரை, ஹாரன் தாங்கவில்லை. டோனர் இல்லை, ரிப்பன்தான் கேட்டேன் என்று கடைக்காரனிடம் சண்டை.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

ரிஜிஸ்டர் தபால், நைனா பேருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கி, கதவைத் தட்டி, "இங்கிலீஷ்ல கீது, படி" என்றார்.

வக்கீல் நோட்டீஸ். குடியிருக்க வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு பகுதியை, வீட்டுக்காரரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல், உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆபீஸ் நடத்த விட்டிருக்கிறார். காலி செய்யாவிட்டால் கோர்ட். பின்னால் பின் அடித்து ஒரு ஜெராக்ஸ். நான் கொடுத்த அதே காப்பி.

வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"நாம எப்ப உள்வாடகைக்கு உட்டோம்?" என்று கேட்டார். அப்புறம் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்து. பின்பக்கம் போய்விட்டார்.

முப்பத்தொரு வருஷமாக இருக்கும் வீடு. நாங்கள் தரும் வாடகைக்கு இன்று ராயபுரத்தில் ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. மகன் இடத்தை பில்டருக்குக் கொடுக்கக் காத்துக்கொண்டிருப்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கூல்டிரிங்க் குடித்துவிட்டு.

யாரும் கேட்காத காப்பி.

ஆகஸ்ட் 5, வியாழன்

ஹைகோர்ட் எதிரில் ஒரு லேடி வக்கீல். பொறுமையாகக் கேட்டார். பயப்பட ஒன்றும் இல்லையாம்.

அவர் சொன்னது:
கூடவே இருக்கும் மகள் உள்வாடகைக்காரி ஆக மாட்டாள்.
ரசீது வரிக்காக எழுதியது, பணம் கைமாறவே இல்லை என்று நைனா சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.
வரிக்கணக்கில் அந்தச் செலவை எடுத்துவிட்டு, திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும்.
கேஸ் பல வருஷம் ஓடும். அதுவரை வீடு நமக்கு.

திருத்தியது என்ன, வரியே மொத்தமாகப் போகட்டும். பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு பஜ்ஜி சாப்பிட்டேன். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6, முதல் வெள்ளி

பூசை முடிந்து வந்ததும் நைனாவிடம் சொன்னேன். மைக்கேல் மாமாவும் இருந்தார்.

"துட்டு வாங்கலன்னு சொல்லணுமா?"

"ஆமா நைனா. அவ்ளோதான்."

"வாங்கனேனே."

எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து துண்டைக் கொண்டு வந்து பிரித்தார். கொடுத்தது கொடுத்தபடி. ஒரு நோட்டுகூட எடுக்கவில்லை.

"இதோ கீது. இத்த வெச்சிகினு வாங்கலன்னு எப்டி சத்தியம் பண்றது?"

மாமா: "இன்னா சவரி, பேஜார் பண்ற? துட்ட பாப்பா கைல திருப்பிக் குட்த்துடு. வாங்கலன்னு சொல்லு. கோர்ட்ல எவன்டா நெஜம் பேசறான்?"

"நா வாங்கலன்னா, ஜெசி குட்த்தேன்னு கவர்மென்ட்டுக்கு எய்தனது பொய்யின்னு ஆவுது. எம் பொண்ணு பொய் ரசீது போட்டாள்னு எவன் வாய்லயும் வரக் கூடாது."

கத்தினேன். வீடு போய்விடும், தெருவில் நிற்போம் என்று. அவருக்கு எழுபத்தொரு வயது. மாமா முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

"போனா போவுது" என்றார். துண்டை மறுபடி மடித்தார்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

பேப்பர் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கு வந்தேன். நைனா இல்லை. மைக்கேல் மாமா மட்டும் படிக்கட்டில். "காலைலயே மண்ணடிக்குப் பூட்டான் பாப்பா. நா வர்றேன்னேன். வேணான்னுட்டான்."

மூன்று மணிக்கு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

"எய்திக் குட்த்துட்டேன்."

"என்ன எழுதிக் கொடுத்த?"

"வூட்ட உட்டுடறோம்னு. பொங்கல் வரிக்கும் டைம் குட்த்துகீறான்." சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ஸ்டாம்ப் மேல் அதே மெதுவான கையெழுத்து.

"வக்கீலம்மா அவ்ளோ சொன்னாங்களே நைனா. ஏன்?"

"கேஸு போட மாட்டேன்னு அவனும் எய்திக் குட்த்துட்டான். அந்த ஜெராக்ஸ கேட்டு வாங்கி, அங்கியே கிய்ச்சிப் போட்டுட்டேன். இனிமே எவனும் உன்ன கூண்டுல ஏத்தி ஒண்ணும் கேக்க முடியாது."

ஜெராக்ஸ்தானே. இன்னொன்று எடுத்து வைத்திருப்பான். அதை அவரிடம் சொல்லவில்லை. டிக்கெட் காசு இல்லாமல் பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறார் என்று மாமா பிறகு சொன்னார். பெட்டியில் அவ்வளவு பணம் இருந்தும்.

ஆகஸ்ட் 11, புதன்

வேலை செய்யவில்லை. மூன்று ஏஜென்டுக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. எழுதுகிறேன். வரி ஒரு சாக்கு. குமாஸ்தா 'அந்த ரூம் ஆபீஸ்தானே' என்று கேட்டபோது எனக்கு வரி ஞாபகம் வரவில்லை. நைனாவின் நாற்காலி இல்லாத முன்ரூம்தான் கண் முன்னால் வந்தது. ரேடியோ இல்லை, மாமா இல்லை, இருமல் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால் ஒரு பேப்பர் அடித்தேன். நாற்காலி போன அன்று தடுத்திருந்தால், திரும்ப முன்ரூமுக்கு இழுத்து வந்திருந்தால்... அப்போதும் ஜெராக்ஸ் போயிருக்குமோ என்னவோ. ஆனால் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

காலையில் விம்கோ நகரில் ஒரு வீடு இருப்பதாக மாமா சொன்னார். ஸ்டேஷன் பக்கம். ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் கொஞ்சம் காற்று. குழாயடிப் படிக்கட்டில் நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமல்.

"மைக்கேலு வந்தா உம் மூஞ்சி மாறும். நா பாத்துகினுதான் இருந்தேன். எண்ணு தப்பா அடிச்சிட்டு அன்னிக்கி நீ பாத்ரூம்ல போயி அய்ததும் தெரியும்."

"நைனா..."

"நைனா, எனுக்கு இந்த ரூமு வோணும், நீ கொஞ்சம் பின்னால குந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா குட்த்திருக்க மாட்டனா? அதுக்கு ரசீது இன்னாத்துக்குமா?"

சோறு வெந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.