இடது பக்கத்துச் சீட்டு

வீரபாண்டி,
திருப்பூர்.

அன்புத் தம்பி இசக்கிமுத்துவுக்கு கன்னையன் எழுதுவது. இங்கே நானும் வீட்டில் எல்லோரும் சுகம். உடன்குடியில் நீயும் மூக்கம்மாளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உனக்குக் கேட்காது, அதில் எழுத்துத் தட்ட எனக்கு வராது. அதனால் இந்தக் காகிதம்.

பனியன் கம்பெனியில் உன் நிட்டிங் மிஷினை இப்போது ஒரு பீகார்க்காரர் ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுகிறார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

போன ஞாயிறு மேட்னி ஷோவுக்குத் தனியாகப் போனேன். உங்கள் பக்கத்துப் படம். ஹீரோ வாயைத் திறந்தால் ஏலே. தபால்காரருக்கும் ஏலே, தாய்மாமனுக்கும் ஏலே. நீ இருந்திருந்தால் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டு, உடன்குடிப் பேச்சும் நாங்குநேரிப் பேச்சும் ஒன்றா என்று டீ ஆறிப் போகும்வரை பாடம் எடுத்திருப்பாய். எங்கள் பக்கத்துப் படம் வந்தால் என் முறை. அரிவாளோடு வருகிறவன்கூட வாங்க போங்க என்கிறானே, நிஜமாகவே நீங்கள் அப்படித்தானா என்று கேட்பாய். ஆமாங்க என்பேன். இருபது வருஷமாகப் படம் பார்த்தோம், ஒரு கதையாவது ஞாபகம் இருக்கிறதா? பேச்சு மட்டும்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் நாம் கடைசியாகப் பார்த்த படத்தில் அந்த நடிகை உங்கள் ஊர்ப் பேச்சைக் கடித்துத் துப்பினாள். தியேட்டரில் இருந்த உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் கேலி செய்து சிரித்தார்கள். நீ மட்டும், நல்லாத்தானே பேசுதா அண்ணாச்சி என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டீக்கடையில் நாலு பேர் முன்னால், உன் காது என்ன அவிஞ்சு போச்சா என்று கத்தினேன். நீ சிரித்தாய். அடுத்த வாரம் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாய்.

போன மாதம் மூக்கம்மாள் போனில் எல்லாம் சொன்னாள். ரெண்டு வருஷமாகவே வலது காது சுத்தமாக இல்லையாம், இடதும் குறைந்துகொண்டே வருகிறதாம். தியேட்டர்ல அவுக உங்க மொகத்தப் பாத்துத்தாண்ணே சிரிப்பாக என்றாள்.

பக்கத்து மிஷினில் நின்ற எனக்கு இது தெரியவில்லை. அந்த இரைச்சலில் நாம் எல்லோருமே கத்துவோம், கையைக் காட்டுவோம், வாய் அசைவைப் பார்த்தே பதில் சொல்வோம். அங்கே யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று எவன் கண்டான்? தியேட்டரிலாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இடது பக்கம் ஏசிக் காற்று ஆகவில்லை, நீங்கள் மறைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த ரெண்டு வருஷமாக என்னை அந்தப் பக்கமே உட்கார வைத்தாய். நானும் நம்பினேன். அன்றைக்கு டீக்கடையில் நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்காது என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் நீ என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சொல் விடாமல் உனக்குப் புரிந்திருக்கும். தப்புதான் தம்பி, பெரிய தப்பு.

கோயம்புத்தூரில் ஒரு காது டாக்டரைப் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் போயிருக்கிறதாம். உன் இடது காதுக்குக் காது மிஷின் வைத்தால் பேச்சு கேட்க வாய்ப்பிருக்கிறது, ஆளைக் கூட்டி வாருங்கள், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். வருகிற மாதம் முதல் சனிக்கிழமைக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன். அதை மாட்டிக்கொண்டு திருப்பூரில் நடந்தால் சிரிப்பார்கள் என்று நீ மறுப்பதாக மூக்கம்மாள் சொல்கிறாள். எவன் சிரிக்கிறான் என்று நான் பார்க்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் பக்கத்துப் படம் ஒன்று வருகிறதாம். ரெண்டு சீட்டு போடச் சொல்லி மகள் சித்ரகலாவிடம் சொல்லிவிட்டேன். மாரியம்மன் புண்ணியத்தில் உனக்குக் கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டாலும் கட்டாயம் வா. நான் இடது பக்கமே உட்கார்ந்துகொள்கிறேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொள், நான் சரியான இடத்தில் சிரிக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணாச்சி கன்னையன்